கிருஷ்ணகிரி – தொப்பூர் சாலையில் ஏர் பிரேக் வேலைக்கு வண்டியை நிறுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

நாமக்கல்லில் ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைப்பு நடத்துபவன் நான். சில நடைகளில் நானே ஓட்டுவேன், மற்றவற்றில் எங்களிடம் பல ஆண்டுகளாக இருக்கும் ஓட்டுநர் ஓட்டுவார். பெங்களூரில் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் நோக்கித் திரும்பிய ஒரு நடையில், கிருஷ்ணகிரியைத் தாண்டிய சாலையோரப் பட்டறை ஒன்று எங்களிடம் ரூ.58,000 வாங்கிக்கொண்டு, இருந்த கோளாறை அப்படியே விட்டுவிட்டு, கோளாறைச் சொல்லும் விளக்கையும் எரியாமல் செய்து அனுப்பியது. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நிலையில் வண்டி இறங்க வேண்டியிருந்தது தொப்பூர் கணவாயில் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அன்று வண்டியில் இருந்த குறைகள் இரண்டு. முதலாவது, பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டரின் முள் நிற்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டாவது, டேஷ்போர்டில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு அணையாமல் எரிந்தது. பட்டறைக்காரர் வண்டியின் அடியில் சிறிது நேரம் பார்த்துவிட்டு, என்னிடம் தொலைபேசியில் சொன்னது இதுதான்: "ஏபிஎஸ் ஈசியூ போயிடுச்சுங்க. அது போனதாலதான் வால்வெல்லாம் ஏர் விடுது. இதோட தொப்பூர் இறக்கத்துல விட்டீங்கன்னா நான் பொறுப்பில்லைங்க." அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளை அறிந்த எந்த லாரிக்காரரும் இப்படிச் சொன்ன பிறகு வண்டியை எடுக்கச் சொல்ல மாட்டார். ஈசியூ (ஏபிஎஸ்ஸை இயக்கும் மின்னணுப் பெட்டி), டூயல் பிரேக் வால்வு (கால் பிரேக்கை மிதிக்கும்போது திறக்கும் வால்வு), பின் அச்சின் ரிலே வால்வு (பின் சக்கரப் பிரேக்குகளுக்குக் காற்றை அனுப்பும் வால்வு) ஆகிய மூன்றையும் மாற்றியதாகப் பில் வந்தது. பணத்தை அனுப்பினேன்.

வண்டியைத் திருப்பித் தரும்போது அவர்கள் ஓட்டுநரை அழைத்து மீட்டரைக் காட்டியிருக்கிறார்கள். முள் 8 பாரில் (பார் என்பது காற்றழுத்த அலகு) அசையாமல் நின்றிருக்கிறது, அடியில் சத்தமும் இல்லை, ஏபிஎஸ் விளக்கும் இல்லை. வேலை முடிந்தது என்று நம்ப வேறு என்ன வேண்டும்? ஆனால் அந்த நேரம் முழுவதும் ஹேண்ட் பிரேக் போட்டே இருந்தது. ஏமாற்று முழுவதும் அந்த ஒரு விவரத்தில்தான் அடங்கியிருந்தது.

புறப்பட்ட பின், சுங்கச்சாவடி ஒன்றில் ஊர்ந்து நகர்ந்த வரிசையில், இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தபோது முள் மீண்டும் இறங்கத் தொடங்கியது. ஓட்டுநர் இறக்கத்துக்குப் போகாமல் முன்னதாகவே ஓரம் கட்டிவிட்டு அழைத்தார். அந்த நிதானத்துக்கு நான் அவருக்கு என்றும் கடமைப்பட்டவன். அவர் சொன்ன வாக்கியத்தை மறக்க முடியாது: "அண்ணா, ஹேண்ட் பிரேக் போட்டா ஏறுதுங்க, எடுத்தா இறங்குதுங்க." சேலத்தில் எங்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த ஏர் பிரேக் மெக்கானிக்கிடம் இதை அப்படியே சொன்னேன். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, பின் சக்கரத்தின் ஸ்பிரிங் பிரேக் சேம்பர் ஒன்றில் நடு சீல் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். வந்து பார்த்தபோது அதுவேதான்.

இதை எல்லா ஓட்டுநர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்றுப் பொறுமையாக விளக்குகிறேன். பின் சக்கரத்தின் சேம்பர் இரண்டு அறைகள் கொண்டது. ஓர் அறைக்குக் கால் பிரேக்கை மிதிக்கும்போது காற்று வரும். மற்றோர் அறையில் கனமான ஸ்பிரிங் ஒன்று அழுத்தப்பட்டு இருக்கும். ஹேண்ட் பிரேக்கை எடுக்கும்போது அந்த அறைக்குள் காற்று புகுந்து ஸ்பிரிங்கைப் பின்னால் தள்ளி வைக்கிறது, போடும்போது காற்று வெளியேறி ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கிறது. ஆகவே வண்டி ஓடும் நேரமெல்லாம் ஸ்பிரிங் அறையில் காற்று நிறைந்திருக்கும், கால் பிரேக் அறை காலியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்துவிட்டால், ஸ்பிரிங் அறையின் காற்று கால் பிரேக் அறைக்குள் கசிந்து, கால் பிரேக்குக்குக் காற்று வரும் குழாய் வழியாகவே திரும்பி ஓடி, ரிலே வால்வின் வெளியேற்றும் வாயில் 'உஸ்' என்று வரும். சத்தம் ரிலே வால்வில் கேட்பதால், தெரியாதவர் ரிலே வால்வை மாற்றுவார். தெரிந்தே ஏமாற்றுபவரும் அதைத்தான் மாற்றுவார், ஏனென்றால் சத்தத்தைக் காட்டிப் பணம் கேட்பது எளிது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, காற்று முழுவதும் ஏறிய பின் இன்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்து ரிலே வால்வின் அருகே கேட்க வேண்டும். சத்தம் வந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் சந்தேகம் முதலில் சேம்பரின் சீல் மேல்தான் விழ வேண்டும். இரண்டு நிலையிலும் சத்தம் தொடர்ந்தால்தான் ரிலே வால்வைக் குறை சொல்ல இடம் உண்டு. எந்தச் சக்கரத்தின் சேம்பர் என்பதை ஒவ்வொன்றாகக் குழாயைக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் அது மெக்கானிக்கின் வேலை. ஸ்பிரிங் அறையை மட்டும் எவரும் சாலையோரத்தில் பிரித்துப் பார்க்க அனுமதிக்காதீர்கள். அந்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும் வேகத்தில் பாயும். எங்கள் மெக்கானிக் ரிலீஸ் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டிய பிறகே சேம்பரைத் தொட்டார், அதையும் பிரிக்காமல் முழுமையாகப் புதியதாக மாற்றினார். கூலியோடு சேர்த்து ஏழாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

இந்தக் கசிவோடு இறக்கத்தில் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். காற்றழுத்தம் சுமார் 5 பாருக்குக் கீழே போகும்போது எச்சரிக்கை ஒலி வரும். அதற்கும் கீழே இறங்கினால் ஸ்பிரிங்குகள் தாமாகவே பாதி பிடித்த நிலைக்கு வரும், லைனிங் டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும். கணவாயில் லோடோடு இறங்கும் வண்டியில் டிரம் அப்படிச் சூடேறிவிட்டால், மிதிக்க வேண்டிய நேரத்தில் பிடிப்பு குறைந்து போகும். பட்டறைக்காரர் "நான் பொறுப்பில்லை" என்று சொல்லி எதைக் காட்டிப் பயமுறுத்தினாரோ, அதே ஆபத்தைப் பணம் வாங்கிக்கொண்டு வண்டியிலேயே விட்டு அனுப்பினார். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி ஏபிஎஸ். ஏபிஎஸ் பழுதானால் காற்று இறங்கும் என்பது பொய். ஈசியூ ஒரு மின்னணுப் பெட்டி, அதற்குள் காற்றுக் குழாய் எதுவும் போவதில்லை. ஏபிஎஸ் வேலை செய்யாவிட்டாலும் சாதாரண பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பாதுகாப்பு மட்டும்தான் போய்விடும். இரண்டு அமைப்புகளும் சந்திக்கும் இடம் சக்கரத்துக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டர் வால்வு. அதில் காற்று கசிவது உண்டு. ஆனால் அது கசிந்தால் பொதுவாகக் கால் பிரேக்கை மிதித்திருக்கும்போதுதான் கசியும், எங்கள் வண்டியிலோ மிதிக்காதபோதுதான் கசிந்தது.

விளக்கு எரிந்ததற்கான காரணம் இன்னும் எளியது. அந்த நடைக்குச் சில வாரங்களுக்கு முன் பின் சக்கரங்களின் நடுவில் உள்ள ஹப்புகளைக் கழற்றி கிரீஸ் போட்டிருந்தோம். சக்கரம் சுழலும் வேகத்தை ஈசியூவுக்குச் சொல்லும் ஒவ்வொரு சென்சாரும் ஓர் உறைக்குள் இறுக்கமாக நிற்கும். அதன் முனை ஹப்போடு சுழலும் பல் வளையத்தை ஏறத்தாழ ஒட்டியே இருக்க வேண்டும். ஹப்பைத் திரும்ப மாட்டும்போதோ, பேரிங்கில் ஆட்டம் இருந்தாலோ வளையம் சென்சாரைப் பின்னுக்குத் தள்ளிவிடும். இடைவெளி கூடினால் சமிக்ஞை பலவீனமாகி ஈசியூ விளக்கை எரிய விடும். எங்கள் மெக்கானிக் இடது பின் சக்கரத்தின் சென்சாரை வளையத்தைத் தொடும்வரை கையால் உள்ளே தள்ளினார். பிறகு அதன் இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு நொடிக்கு ஒரு சுற்று என்ற அளவில் கையால் சுற்றினார். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தது, சென்சார் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது போதும். வேலை அவ்வளவே. சென்சார் கோளாறு சரியான பிறகும் விளக்கு நின்ற இடத்தில் அணையாது, வண்டி நகர்ந்து மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய பிறகே அணையும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். இதைத் தெரியாதவர்களிடம் "இன்னும் எரிகிறது, பெட்டியே போய்விட்டது" என்று சொல்லி ஏமாற்றுவது மிக எளிது.

ஆனால் அந்தப் பட்டறையிலிருந்து வந்தபோது எங்கள் வண்டியில் அந்த விளக்கு எரியவே இல்லை, சாவி போட்டபோதும் எரியவில்லை. நல்ல நிலையில் உள்ள வண்டியில் சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு ஒருமுறை எரிந்து பின்னர் அணைய வேண்டும், கூடவே மாடுலேட்டர்கள் ஒவ்வொன்றாக 'டக், டக்' என்று அடிப்பது அமைதியான இடத்தில் காதில் விழும். விளக்கு ஒருபோதும் எரியாவிட்டால் கோளாறு இல்லை என்று நினைக்கக் கூடாது. மெக்கானிக் கிளீனர் பக்கத்து டேஷ்போர்டைத் திறந்தபோது, விளக்குக்குப் போகும் வயரை அறுத்து டேப் சுற்றியிருப்பது தெரிந்தது. ஈசியூ அதே பழைய பெட்டி. அதன் போல்ட்டுகளின் மேல் படிந்திருந்த தூசிகூடக் கலையவில்லை. வயரை இணைத்தபோது விளக்கு எரிந்தது, சென்சாரைத் தள்ளி வண்டியை நகர்த்தியதும் அணைந்தது. அதுவரை காலி வண்டியாக மழையில் ஒருமுறை அழுத்தி மிதித்திருந்தாலும் அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டு பின்பக்கம் சறுக்கியிருக்கும், வரப்போவதை ஓட்டுநருக்குச் சொல்ல ஒரு விளக்குகூட இருந்திருக்காது.

டூயல் பிரேக் வால்வையும் ரிலே வால்வையும் உண்மையாகவே மாற்றியிருந்தார்கள். நன்றாக இருந்த கம்பெனி வால்வுகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, பெயரோ எண்ணோ பொறிக்காத வால்வுகளைப் போட்டிருந்தார்கள். பழைய வால்வுகளைக் கேட்டதற்கு "ஸ்கிராப்பில் போட்டாச்சு" என்றார்கள்.

இதே சாலையில் வண்டி நிற்கும் நிலை வந்தால், பட்டறைக்காரர் எந்தப் பாகத்தையும் கழற்றும் முன் கசிவை அளக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் உரிமத் தேர்வுக்காக அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவு பயனுள்ளது: டிரெய்லர் இல்லாத வண்டியில், இன்ஜினை அணைத்து எல்லாப் பிரேக்குகளையும் விடுவித்த நிலையில் ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்தத்தின் இன்னோர் அலகு) மேலும், கால் பிரேக்கை அழுத்திப் பிடித்த நிலையில் 3 பிஎஸ்ஐக்கு மேலும் விழக் கூடாது. நம் மீட்டரில் 3 பிஎஸ்ஐ என்பது சுமார் 0.2 பார்தான், ஒரு நிமிடத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. இதை ஹேண்ட் பிரேக் எடுத்த நிலையிலும் போட்ட நிலையிலும் தனித்தனியே பார்க்க வேண்டும், வேலை முடிந்த பிறகும் அதே இரண்டு நிலைகளில் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் மட்டும் மீட்டரைக் காட்டி வண்டியை எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள். ஏபிஎஸ் என்று சொன்னால் கோளாறு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கணினி இல்லாத பட்டறையிலும் பல வண்டிகளில் விளக்கின் மினுக்கலை எண்ணியே எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடலாம். கழற்றிய பாகங்களை வண்டியிலேயே ஏற்றிவிடச் சொல்லுங்கள், புதிய பாகத்தின் அட்டைப் பெட்டியையும் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் பதில் வந்தது, பிறகு அழைப்பையே எடுப்பதில்லை. வணிக நோக்கத்துக்காக ஓடும் வண்டிக்கு நுகர்வோர் வழக்கு போட முடியாது என்று சிலர் சொன்னார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பயன்படுத்துவோரை அந்த விலக்கிலிருந்து தனியே பிரித்து வைத்திருக்கிறது. ஒரு லாரி வைத்துப் பிழைப்பவர்கள் அந்தப் பிரிவைக் காட்டி வாதாட இடம் இருக்கிறது. நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், ரூ.5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் புகார் பதியலாம். நாமக்கல்லில் என் மனு தயாராகிவிட்டது. பில், பெயரில்லாத இரண்டு வால்வுகள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு, அறுத்த வயரின் படம் ஆகியவை அதோடு போகின்றன. அதே சாலையில் ஈசியூ மாற்றியதாகப் பில் வாங்கியவர்கள் டேஷ்போர்டைத் திறந்து போல்ட்டுகளைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதினால், ஒரே மாதிரியான பில்களைச் சேர்த்து ஆணையத்தின் முன் வைக்க முடியும்.