இல்லம் தேடிக் கல்வி: மாலை வகுப்பு எப்படி இருந்தது?

கொரோனா ஊரடங்கு ஏற்படுத்திய கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை ஒரு சேவையாக எடைபோட்டால், அதன் பலம் பாடப்பொருளைவிட, கற்பிப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே வளர்ந்த நெருக்கத்தில்தான் இருந்தது என்பேன். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், அவர்கள் குடியிருப்பை ஒட்டிய இடத்திலேயே தன்னார்வலர்கள் பாடம் நடத்தினார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் அதே பகுதியில் வாழும் பெண்கள். ஆகவே, பள்ளியில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகூட, தெருவில் நாள்தோறும் பார்க்கும் அக்காவிடம் கடன்வாங்கிக் கழித்தலை மூன்றாம் முறையாக விளக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படவில்லை. தவறான விடைக்கு ஏச்சு விழாது என்று தெரிந்த பிறகே குழந்தை தனக்குப் புரியாததைச் சொல்லத் துணிகிறது. அதைச் சொன்னால்தான் ஆசிரியருக்கும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிகிறது. பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால், வீட்டுக்கே சென்று விசாரிப்பதும் இங்கு எளிதாக இருந்தது.

குறைகளும் உண்டு. திண்ணையிலும் முற்றத்திலும் நடந்த வகுப்புகள் மழைக்கும் மின்தடைக்கும் கட்டுப்பட்டவை. தன்னார்வலர்களுக்குக் கிடைத்த மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, இவ்வளவு பொறுப்புக்கு மிகக் குறைவு. வேறு வேலை கிடைத்தோ, திருமணமாகியோ தன்னார்வலர் விலகினால், புதிதாக வருபவரிடம் பிள்ளைகள் மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் எதிர்பார்க்கும் பெற்றோருக்கு இவ்வகுப்பு நிறைவளித்திருக்காது. படிப்பைக் கண்டு மிரளும் பிள்ளை உள்ள வீட்டுக்கோ, கட்டணத் தனிப்பயிற்சியைவிட இதையே பரிந்துரைத்திருப்பேன்.