இன்டேக் கேஸ்கெட் கசிவு: ஸ்பிரேயா, ஸ்கேனரா, புகையா?

சிங்கப்பூரில் சரக்கு வாகனத்தின் சட்டப்படியான ஆயுள் 20 ஆண்டு. பத்தாம் ஆண்டில் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டு பழைய பிக்கப்பையே தொடர்ந்து ஓட்டும் சிறு குத்தகையாளர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. இரண்டு, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகளில் சிலிண்டர் ஹெட்டுக்கும், அதற்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மானிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு காய்ந்து இறுகிக் காற்றை விடத் தொடங்கும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் வேகம்) தள்ளாடும். சிறிது நேரத்தில் தானே சரியாகிவிடும். ஒருநாள் எஞ்சின் விளக்கு எரியும். இதைக் கண்டுபிடிக்கப் பட்டறைகளில் நான்கு வழிகள் புழங்குகின்றன. எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

முதலாவது, கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே. எஞ்சின் ஓடும்போது மானிஃபோல்டு இணைப்பை ஒட்டி அடிப்பார்கள். கசிவு இருந்தால் அது உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் வேகம் மாறும். மலிவு, உடனடி விடை. ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஸ்பிரேயின் ஆவி பக்கத்து ஹோஸ் வழியாகவோ ஏர் ஃபில்டர் வழியாகவோ போனாலும் வேகம் மாறும். பழி கேஸ்கெட்டின் மேல் விழும். ஐடிலிங்கைக் கணினியே கட்டுப்படுத்தும் எஞ்சினில் சிறு கசிவின் அடையாளம் மறைந்தும் போகும். சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது: கொதிக்கும் உலோகத்தில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும். அவசரத்துக்கு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் போதும். கசிவின் மேல் தண்ணீர் படும்போது அது சில விநாடி அடைபட்டு, சீறும் ஒலி மாறும்.

பெட்ரோல் எஞ்சினுக்கு நான் முதலிடம் கொடுப்பது, வண்டியின் கணினியில் மாட்டி அதன் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனருக்கு. அதில் ஃபியூல் டிரிம் என்ற எண் வரும்; கணினி எத்தனை சதவிகிதம் எரிபொருளைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். ஐடிலிங்கில் கூட்டல் 20 சதவிகிதம், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் கூட்டல் 4 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். இது காற்றுக் கசிவின் கையெழுத்து. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால், கசிந்து வரும் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. சுற்று ஏறும்போது அந்தப் பங்கு சுருங்குகிறது. மாறாக, சுற்று ஏற ஏற எண்ணும் ஏறினால் கேஸ்கெட்டை விட்டுவிட்டு ஃபியூல் பம்பையும் ஃபில்டரையும் பாருங்கள். பி0171 என்ற பழுதுக் குறியீடு (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை என்று பொருள்) வந்ததும் மானிஃபோல்டைக் கழற்றச் சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒரு குறை உண்டு: காற்றின் அளவை மானிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் எஞ்சின்களில் இந்த எண் அதிகம் நகராது, ஐடிலிங்தான் உயரும். கசிவு எந்த இடத்தில் என்பதையும் ஸ்கேனர் சொல்லாது.

அதைச் சொல்வது புகை இயந்திரம். எஞ்சினை நிறுத்தி, காற்று வரும் வழியை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தி, டார்ச்சுடன் காத்திருக்க வேண்டும். மானிஃபோல்டின் அடிப்பக்கத்துக்குச் சிறிய கண்ணாடி ஒன்றும் வேண்டும். எண்ணெய் மூடி வழியாகப் புகை வந்தால் பதற வேண்டாம்; அது காற்றோட்டக் குழாய் வழியாகப் போன புகையாக இருக்கலாம்.

மானிஃபோல்டுக்குள் எஞ்சின் உண்டாக்கும் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் பழைய கருவி, இன்னும் பயனுள்ளது. கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் பாதரச அளவில் 17 முதல் 22 அங்குலம் காட்டும். நம் ஊரில் உயரத்துக்காக எதையும் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பிந்தினாலும் முள் தாழ்ந்தே நிற்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எந்தக் கருவியானாலும் குளிர்ந்த எஞ்சினில் தொடங்குவது நல்லது. சூடேறினால் உலோகம் விரிந்து கசிவை அடைத்துவிடலாம். காலை நெரிசலில் விரைவுச்சாலை வழியே, பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட் வரை ஓட்டிக்கொண்டு போய், உடனே புகை விட்டால் ஒன்றும் தெரியாமல் போகலாம். முந்தின நாள் மாலையே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி பெட்ரோலுக்கு. இங்கே ஓடும் ஹைலக்ஸ், நவாரா, டி-மேக்ஸ் போன்ற பிக்கப்புகளோ பெரும்பாலும் டர்போ டீசல். அவற்றில் சுமை ஏறும்போது இன்டேக்கில் அழுத்தம் கூடும். காற்று வெளியே கசியும். வேக்குவம் கேஜ் பயன்படாது. எரியக்கூடிய ஸ்பிரேயை உள்ளே இழுத்தால் டீசல் எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கக்கூடும் என்பதால் அது ஆபத்தும்கூட. இணைப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்திச் சோப்பு நீர் தடவுவதுதான் சிறந்தது. கேஸ்கெட் ஓரத்தில் எண்ணெய்ப் பசையுடன் கறுப்புக் கோடு, மேட்டில் ஏறும்போது சீறல், கரும்புகை ஆகியவை துணைச் சாட்சிகள். பத்து ஆண்டைத் தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை இருப்பதால் அந்தக் கரும்புகையைத் தள்ளிப்போட முடியாது.

பழுது பார்த்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பெட்ரோல் வண்டியானால் கணினியின் பழைய பதிவை அழித்து, சில நாள் ஓட்டிவிட்டு, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கணினி எரிபொருளைத் திருத்தத் தொடங்கியதும் அதே ஸ்கேனரில் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் ஃபியூல் டிரிம் எண் இன்னும் 10 சதவிகிதத்துக்கு மேல் நின்றால் கசிவு வேறெங்கோ இருக்கலாம். வண்டியைத் திரும்ப உள்ளே விடுங்கள்.