வெளிநாட்டு நர்ஸை அழைப்பதா, இருக்கும் நர்ஸைத் தக்கவைப்பதா?

பிரிட்டனின் அரசு ஆஸ்பத்திரிகளில் (என்ஹெச்எஸ்) ஆள் பற்றாக்குறை வந்தால் நிர்வாகம் பல வருடங்களாக முதலில் பார்த்து வந்தது கேரளா, தமிழ்நாடு, பிலிப்பைன்ஸ் பக்கம்தான். இன்னொரு வழி, ஏற்கெனவே வார்டில் இருக்கும் கறுப்பின, ஆசிய நர்ஸ்கள் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது. முதல் பணம் எதற்கு என்றால் என் ஓட்டு இரண்டாவதற்கு.

வெளியிலிருந்து எடுப்பதில் வேகம் உண்டு, மறுக்க முடியாது. உள்ளூரில் ஒருவரைப் பட்டம் வரை படிக்கவைக்க 3 வருடம் ஆகும். இவர்களோ அனுபவத்தோடு வருகிறார்கள். ஆனால் சென்னையில் பல வருடம் ஐசியுவில் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தவரும், ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் பாஸாகிப் பதிவு எண் வரும்வரை உதவியாளர் நிலையில்தான் இருக்க வேண்டும், அப்புறமும் பெரும்பாலும் நர்ஸ்களின் ஆரம்பப் படியான பேண்ட் 5 சம்பளத்தில்தான் தொடக்கம். சீக்கிரம் விலகினால் செலவைத் திருப்பிக் கட்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் இடங்களும் உண்டு. அந்தக் கெடு முடிந்ததும் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் போட்டால் யாரைக் குறை சொல்வது?

இது பழைய கதை. 1948-க்குப் பிறகு கரீபியன் தீவுகளிலிருந்து வந்த பல பெண்களை 3 வருடப் படிப்பில் சேர்க்காமல் 2 வருடப் படிப்புக்குத் தள்ளினார்கள். அதை வைத்துப் பதவி உயர்வும் கிடைக்கவில்லை, சொந்த ஊரில் மதிப்பும் இல்லை.

தக்கவைக்கும் வழி நாளைய நைட் ஷிஃப்டை நிரப்பாது, அது உண்மை. ஆனால் செலவு குறைவு. முதல் வேலை, ஒழுங்கு நடவடிக்கையில் பாகுபாட்டைக் குறைப்பது. இங்கிலாந்தில் 2015 முதல் ஆஸ்பத்திரிகள் ஊழியர்களை எப்படி நடத்துகின்றன என்ற இனவாரிக் கணக்கைக் காட்டியாக வேண்டும். 2016-ல் கறுப்பின, ஆசிய உள்ளிட்ட இனச் சிறுபான்மை ஊழியர்கள் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் வாய்ப்பு வெள்ளையரைவிட 1.56 மடங்கு, 2021-ல் 1.14. விசாரணை தொடங்கும் முன்பே, சம்பந்தப்படாத ஒருவர் 'இது பேசித் தீர்க்கக்கூடியதா' என்று பார்ப்பது போன்ற சின்ன ஏற்பாடுகளைப் பல இடங்களில் கொண்டுவந்தார்கள். அடுத்தது பதவி உயர்வு. 2025-26-ல் பேண்ட் 5 தொடக்கச் சம்பளம் 31,049 பவுண்டு, அடுத்த படியான பேண்ட் 6 என்றால் 38,682. வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் இது பெரிய வித்தியாசம்.

உள்ளூர் உதவியாளர்களை 2 வருடப் பயிற்சியில் நர்சிங் அசோசியேட் (உதவியாளருக்கும் நர்ஸுக்கும் இடைப்பட்ட பதவி) ஆக்குவது மூன்றாவது வழி. மெதுவான வழிதான், ஆனால் வீடு வாசல் அங்கேயே இருப்பதால் ஆள் நிற்பார்.

நீங்களே நர்ஸாக இருந்து இரண்டு ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டால், சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: இதற்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் பேண்ட் 6-க்குப் போனார்கள், எத்தனை வருடத்தில்?