சின்னப் படத்துக்குக் கேன்வாஸா, பலகையா?

நான் வரைவதெல்லாம் வீட்டுக்குள் இருப்பவைதான். பாதி திறந்த கதவு, நாற்காலி முதுகில் கிடக்கும் துண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் விழும் வெயில். அளவு ஆறுக்கு எட்டு அங்குலம், மிஞ்சினால் எட்டுக்குப் பத்து. முதல் ஒரு வருஷம் சட்டமடித்த கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் தீட்டினேன். நடுவில் கொஞ்ச நாள் காகிதம். இப்போது முழுக்கப் பலகைக்கு மாறிவிட்டேன். அதனால் என் பேச்சு பலகைப் பக்கம் சாயும்.

எடையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நாலடிப் படத்தைப் பலகையில் வரைந்தால் தூக்கவே இன்னொரு ஆள் வேண்டும். ஆறங்குலத்தில் அந்தக் கவலை கிடையாது. கேன்வாஸ் தூரிகைக்குக் கீழே லேசாக அமுங்கிக் கொடுக்கும், பலகை கொடுக்காது. இது அவரவர் கைப்பழக்கம்.

என்னை மாற வைத்தது துடைப்பு. வீட்டின் உட்புறம் என்றாலே பெரும்பகுதி மங்கல், வெளிச்சம் இரண்டு மூன்று இடங்களில் மட்டும். ஆகவே முதலில் பழுப்பு வண்ணத்தை மெல்லிசாக முழுவதும் பூசிவிட்டு, வெளிச்சம் விழும் இடத்தைத் துணியால் துடைத்தெடுப்பேன். அடியில் இருக்கும் வெள்ளை ஜெஸோ (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) மேலே வரும்போது, வெள்ளைச் சாயத்தால் கொண்டுவர முடியாத ஒரு பளிச்சு கிடைக்கும்.

கேன்வாஸில் இது பாதிதான் நடக்கும். நெசவின் மேடுகள் துடைபடும், பள்ளங்களில் பழுப்பு அப்படியே தங்கிவிடும், சல்லடைக் கண்ணில் மாவு அடைத்துக்கொண்ட மாதிரி. கதவிடுக்கு வழியாகத் தரையில் விழுந்த ஒரு வெயில் கீற்றை அப்படித்தான் கெடுத்தேன். கொஞ்சம் அகலமாகப் போட்டுவிட்டேன், துடைத்தேன். திரும்பப் போட்டேன், துடைத்தேன். மூன்றாவது தடவை அங்கே வெயிலும் இல்லை, நிழலும் இல்லை, சாம்பல் நிறத்தில் சேறு. அதே கீற்றைப் பலகையில் வரைந்தபோது, விரல் நகத்தில் துணியைச் சுற்றி ஒரே இழுப்பு. ஓரம்கூடக் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றது. இந்த அளவுப் படத்தில் சன்னல் கம்பி என்பது இரண்டு மில்லிமீட்டர். சாதாரண நெசவில் அதன் ஓரம் ரம்பப் பல்லாகிவிடுகிறது.

துடைப்பு என்றதும் ஒன்று. எண்ணெய் வண்ணத்தில் கலந்த ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குப்பையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். கசங்கிய துணிக்குள் சூடு அடைபட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய மூடி டப்பாவில் போடுங்கள்.

பலகையிலும் தொல்லை உண்டு. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் முன், பின், ஓரம் எல்லாப் பக்கமும் அடிப்பூச்சு பூச வேண்டும். பூசாத ஓரம் ஈரத்தை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையலாம். அப்புறம் வழுக்கல். உப்புத்தாளால் மழமழவென்று தேய்த்துவிட்டால், இரண்டாவது தீற்றல் முதல் தீற்றலை அள்ளிக்கொண்டு வரும். கடைசிப் பூச்சை மட்டும் அழுத்தித் தேய்க்காமல் விடுகிறேன், சரியாக இருக்கிறது.

பழைய ஓவியர்களைப் பார்த்தால் சாட்சி இரண்டு பக்கமும் கிடைக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஓவியர் கெரிட் டோ, வீட்டுக் காட்சிகளைப் பெரும்பாலும் ஓக் பலகையில்தான் நுணுக்கினார். ஆனால் அதே நாட்டு, அதே நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் ‘லேஸ் பின்னும் பெண்’ படம் 24.5-க்கு 21 சென்டிமீட்டர்தான், அது கேன்வாஸ். கை அவருடையதாக இருந்தால் நெசவு குறுக்கே வராது போலிருக்கிறது.

காகிதத்தில் நான் வரைந்தது ஐந்தாறு படம்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பிரெஞ்சு ஓவியர் வுய்யார் தன் அம்மாவும் தையலுமாக இருந்த அறைகளை அட்டையில் நிறைய வரைந்திருக்கிறார். பூசாத அட்டை எண்ணெயைக் குடித்துவிடுவதால் சுண்ணாம்புச் சுவர் போல ஒரு மங்கல் வரும், அழகுதான். ஆனால் வைத்த வண்ணம் வைத்ததுதான், துடைக்க முடியாது. அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

சட்டமடித்த கேன்வாஸ் நாலு இன்னும் அலமாரி மேல் கிடக்கின்றன. திரைச்சீலை, போர்வை, கலைந்த படுக்கை என்று துணியாகவே ஒரு படம் அமைந்தால் எடுப்பேன். அங்கே நெசவு பாதி வேலையைத் தானே செய்துவிடும்.