இரண்டாம் பாகம் இரண்டு: எந்த மாரியோவை எடுப்பது?

அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது. ஓகஸ்ட் லீவுக்கு திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் வந்து நின்றான். கனடாவிலிருந்து வந்த அத்தான் விட்டுப்போன ஸ்விட்ச் கேம் கருவியில் முதலாவது சூப்பர் மாரியோவை ஒரு கிழமைக்குள் முடித்துவிட்டு வந்து கேட்டான்: "மாமா, இனி ரெண்டாவது எது?"

பதில் சொல்ல எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்கும் நேரம் தேவைப்பட்டது. ஏனென்றால் இரண்டாவது என்று இரண்டு இருக்கிறது. இரண்டும் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பனி செய்தவை. இரண்டும் வெளிவந்தபோது பெயர் ஒன்றுதான், 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2'. ஒன்று 1986 ஜூனில் ஜப்பானில் மட்டும் வந்தது. மற்றது 1988 ஒக்டோபரில் அமெரிக்காவில் வந்தது. இன்றைக்கு ஸ்விட்சில் ஜப்பான்காரர் 'தி லொஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரில் ஒரு மூலையில் கிடக்கிறார். 2 என்ற இலக்கம் அமெரிக்கக்காரரிடம் போய்விட்டது. இங்கே வசதிக்கு ஜப்பான் 2, அமெரிக்கா 2 என்றே எழுதுகிறேன்.

சொந்தம் என்று பார்த்தால் ஜப்பான் 2தான் உண்மையான வாரிசு. முதலாவதன் அதே செங்கல், அதே குழாய், அதே ஆமை. 8 உலகம், உலகத்துக்கு 4 கட்டம். ஆனால் பெட்டியிலேயே 'சூப்பர் ஆட்டக்காரர்களுக்கு' என்று அச்சடித்திருந்தார்கள். முதலாவதைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு மட்டும் என்று பொருள். அமெரிக்காவில் நிண்டெண்டோவுக்காக விளையாட்டுகளைச் சோதித்துப் பார்த்த ஹவார்ட் பிலிப்ஸ் இதை விளையாடிவிட்டு, இது சந்தோஷம் தரவில்லை, தண்டனைதான் தருகிறது என்ற முடிவுக்கு வந்தார். அதனால் அது அங்கே போகவில்லை.

கடைக்கு வைக்க வேறொன்று வேண்டுமே. ஃபுஜி தொலைக்காட்சி 1987இல் நடத்திய 'யுமே கோஜோ' என்ற விழாவுக்காக நிண்டெண்டோ 'டோகி டோகி பனிக்' என்ற விளையாட்டைச் செய்திருந்தது. யுமே கோஜோ என்றால் கனவுத் தொழிற்சாலை. அதில் மாரியோ இல்லை. விழாவின் சின்னங்களாக இருந்த அப்பா, அம்மா, மகன், மகனின் தோழி என்று ஒரு அரபுக் கதை வேடக் குடும்பம்தான் நாயகர்கள். அந்த நால்வரையும் எடுத்துவிட்டு மாரியோ, அவர் தம்பி லூயிஜி, காளான் தலை டோட், இளவரசி நால்வரையும் வைத்தார்கள். மந்திர விளக்கு மருந்துக் குப்பியானது. ஓடுவதற்கு ஒரு பட்டன் சேர்ந்தது. அவ்வளவுதான், அமெரிக்கா 2 தயார். ஆக, இரத்த உறவு உள்ளவர் வீட்டுக்கு வெளியே. தத்தெடுத்தவர் காணி உறுதியோடு உள்ளே.

இந்தக் கதையைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அமெரிக்கா 2ஐ 'போலி' என்று ஒதுக்கிவிடுவார்கள். நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் திரிந்தேன். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளையாடியபோதுதான் மனம் மாறியது.

ஜப்பான் 2 எனக்கு அறிமுகமானது 1996இல். அந்த வருடம் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களில் தண்ணீர் இறங்கி, நாடு முழுக்க மின்வெட்டு. எங்களிடம் இருந்தது பெயர் தெரியாத ஒரு ரீவி கேம், மஞ்சள் கசெட், பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளை ரீவி. நகரத்துக் கடை ஒன்றில் 'மாரியோ 2' என்று ஸ்டிக்கர் ஒட்டிய கசெட்டை வாடகைக்கு எடுத்துவந்தோம். கரண்ட் வந்ததும் போட்டோம். முதல் கட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு கேள்விக்குறிப் பெட்டி. முட்டினேன், முதலாவதில் மாரியோவைப் பெரிதாக்கும் அந்தக் காளான் வந்தது. ஓடிப்போய் எடுத்தேன். மாரியோ செத்தார்.

மறுபடியும் முட்டினேன். மறுபடியும் செத்தார். "கசெட் பழுது" என்றான் தம்பி. அடுத்த நாள் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் கசெட்டின் வாயில் ஒரு ஊது ஊதி, துணியால் துடைத்து, "இப்ப போட்டுப் பாருங்கோ தம்பி" என்று திருப்பித் தந்தார். போட்டோம். செத்தார்.

அது நஞ்சுக் காளான். கிட்டத்தட்ட அதே உருவம், நிறத்தில்தான் வித்தியாசம். கறுப்பு வெள்ளை ரீவியில் நிறத்தை எங்கே தேடுவது? அது பழுதல்ல, வேண்டுமென்றே செய்தது என்று எனக்குத் தெரியவர இன்னும் பத்து வருடம் பிடித்தது.

ஜப்பான் 2இன் குணம் முழுவதும் அந்த ஒரு காளானில் இருக்கிறது. முதலாவது பாகம் உங்களுக்கு என்னென்ன கற்றுத்தந்ததோ, அதையெல்லாம் இது பிடித்து உங்களுக்கு எதிராகவே திருப்பும். குறுக்குவழிக் குழாயைக் கண்டுபிடித்தால் பரிசு என்று நம்பியிருந்தோம். 3ஆம் உலகத்தில் மறைந்திருக்கும் ஒரு குழாய் உங்களை 1ஆம் உலகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. குழாய்ப் பக்கத்தில் நின்றால் உள்ளே இருக்கும் கடிக்கிற பூ வெளியே வராது என்று நம்பியிருந்தோம். இங்கே சிவப்புப் பூ வரும். தண்ணீரில் மட்டும் இருந்த கணவாய் இங்கே ஆகாயத்தில் மிதக்கிறது.

ஒன்றை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். அது காற்று. சில கட்டங்களில் திடீரென்று இலைகள் பறக்க, மாரியோவை வலப்பக்கம் தள்ளும். திருகோணமலைக்காரருக்கு இது விளங்கும். கச்சான் (சாப்பிடும் கச்சான் அல்ல, காற்று) அடிக்கும் மாதங்களில் டச் பே பக்கம் சைக்கிளில் போனால் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும், மிதிக்கவே தேவையில்லை. பிரேக் பிடிக்கும்போதுதான் எவ்வளவு வேகத்தில் வந்திருக்கிறோம் என்று தெரியும். அதேதான் இங்கேயும். காற்று வரும்வரை காத்திருந்து பாய்ந்தால்தான் எட்டும் பள்ளங்கள் உண்டு, ஆனால் இறங்குமிடத்தைத் தாண்டிக் கொண்டுபோய் அடுத்த பள்ளத்தில் போட்டும் விடும். பகையாகவும் துணையாகவும் ஒரே காற்றை வைத்ததற்கு ஒரு சபாஷ்.

லூயிஜிக்குத் தனிக்குணம் வந்ததும் இதில்தான். அதுவரை அவர் பச்சை அடித்த மாரியோ. இங்கே மாரியோவைவிட உயரப் பாய்வார், ஆனால் நிற்கச் சொன்னால் நிற்கமாட்டார். ஈரச் சீமெந்துத் தரையில் றப்பர் செருப்போடு ஓடுவதுபோலச் சறுக்குவார்.

சரி, மருமகனிடம் ஜப்பான் 2ஐப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெட்டிக்குக் கிட்ட வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காளான் வந்தது. அவன் ஒதுங்கி நின்று அதைப் போகவிட்டான்.

"எடுக்கேல்லையோ?"

"அது நஞ்சு மாமா. யூடியூப்பில பாத்தனான்."

அவ்வளவுதான். 1986இன் குறும்பு அந்த ஒரு வரியில் முடிந்தது. பத்து வருடம் எனக்கு விளங்காமல் இருந்த விஷயம் அவனுக்கு விளையாடுவதற்கு முன்பே தெரியும். அதற்கு மேல் ஸ்விட்சில் பின்னோக்கி ஓட்டும் வசதி வேறு இருக்கிறது. விழுந்தால் சில நொடி பின்னால் போய்த் திரும்பப் பாயலாம். ஜப்பான் 2இன் உயிரே 'தெரியாமல் சாவது'தான். தெரிந்துவிட்டால், சாவையும் திருப்பிப் பெறலாம் என்றால், மிச்சம் இருப்பது முதலாவது பாகத்தின் கடினமான கட்டங்கள் மட்டுமே. அவன் மூன்றாம் உலகத்தில் கொட்டாவி விட்டான்.

அமெரிக்கா 2ஐப் போட்டபோது நடந்தது வேறு.

முதலில், கை செய்யும் வேலையே மாறுகிறது. இதில் எதிரியின் தலையில் குதித்தால் அவர் சாகமாட்டார். நீங்கள் அவர் தலையில் சவாரி போவீர்கள். பட்டனை அழுத்தினால் குனிந்து, அவரையே தூக்கித் தலைக்கு மேல் வைத்து, அடுத்தவர்மேல் எறியலாம். தரையில் ஆடும் புல்லைப் பிடித்து இழுத்தால் ஒரு கிழங்கு வரும். அம்மா தோசைக்கு உளுந்து கழுவிக்கொண்டு இருந்தவ, எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, பனங்கிழங்கு பிடுங்குறாரோ?" என்றா. சரியாகச் சொன்னா. பாத்தியில் காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கணம் பிடிவாதம் பிடித்து, பிறகு 'டக்' என்று வரும் அந்த அசைவு அப்படியே இருக்கிறது. அந்த ஒரு கணத் தாமதத்துக்குள் எதிரி கிட்ட வந்துவிடுவார். பதற்றம் அங்கேதான்.

அந்தத் தாமதம் ஆளுக்கு ஆள் வேறு. டோட் படக்கென்று பிடுங்குவார், ஆனால் பாய்ச்சல் குட்டை. இளவரசி பிடுங்க ஆறுதலாக எடுப்பா, ஆனால் பாய்ந்தபின் பாவாடையை விரித்துக் கொஞ்ச நேரம் காற்றில் அப்படியே மிதப்பா. லூயிஜி கால்களை உதறிக்கொண்டு எல்லோரையும்விட மேலே போவார். மாரியோ எல்லாவற்றிலும் நடுவில். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் சூடு வேறு அல்லவா, வாளியை விட்டுப் பார்த்தால்தானே தெரியும். அதுபோலத்தான், ஒரே கட்டம் ஆளை மாற்றினால் வேறு கட்டமாகிவிடுகிறது. பாலைவனத்தில் மணலைத் தோண்டி இறங்கும் இடத்துக்கு டோட். அகலப் பள்ளம் என்றால் இளவரசி. ஒவ்வொரு கட்டத்துக்கு முன்பும் யாரை அனுப்புவது என்று கேட்கும், அதுதான் இதன் பெரிய கெட்டித்தனம்.

ஏனென்றால் இரண்டு விளையாட்டுமே ஒரு ஆள் விளையாட்டு. முதலாவதில் இருந்த மாறி மாறி விளையாடும் வசதி இரண்டிலும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அமெரிக்கா 2 தன்பாட்டில் நாலுபேர் விளையாட்டாகிவிட்டது. மருமகனின் ஆறு வயதுத் தங்கச்சி இளவரசியை விட்டுக்கொடுக்கவே மாட்டாள். அவள் முறை வந்தால் இளவரசி, அவன் முறை வந்தால் டோட். "அண்ணா, இது பள்ளம், என்னட்ட தாங்கோ" என்று அவள் கேட்கவும் அவன் முறைத்துக்கொண்டு கொடுக்கவும் பார்த்தேன். இந்த விளையாட்டின் முதல் மாதிரி, இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை ஒருவர் தூக்கி எறிந்து மேலே ஏறுவதாகத்தான் தொடங்கியது என்று அதை இயக்கிய கென்சுகே தனபே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணம் கைவிடப்பட்டாலும் அதன் வாசம் எங்கோ ஒட்டியிருக்கிறது போல.

குறை இல்லாமல் இல்லை. கட்ட முடிவுகளில் பெரும்பாலும் பேர்டோ என்ற அதே எதிரி வந்து முட்டை துப்புகிறது. முட்டைமேல் ஏறி, தூக்கி, மூன்று முறை திருப்பி எறிய வேண்டும். ஐந்தாவது தடவையில் அலுத்துவிடும். முதலாவது மாரியோவில் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த வேகச் சுகமும் இதில் இல்லை, நின்று நின்று வேலை பார்க்கிற விளையாட்டு. பழைய வடிவத்தில் எல்லா உயிரும் போனால் தொடர்வதற்கு இரண்டே வாய்ப்புத்தான், சேமிக்கவும் முடியாது. 1996இல் இது எங்கள் கையில் இருந்திருந்தால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் அழுதிருப்போம். ஜப்பான் 2 அந்த விஷயத்தில் தாராளம், விழுந்த உலகத்திலிருந்தே எத்தனை முறையும் தொடர விடும். கட்டங்களும் அதில் அதிகம்: மறைந்திருக்கும் உலகங்களையும் சேர்த்தால் 52. அமெரிக்கா 2இல் 20தான்.

பயம் என்று எடுத்தாலும் அமெரிக்கா 2தான் மேல். சாவி ஒன்றைக் கையில் எடுத்ததும் சுவரில் சும்மா இருந்த முகமூடி உயிர்பெற்றுத் துரத்தும். சாவியைப் போட்டால் போய்விடும், எடுத்தால் வரும். சின்னவள் சாவியைப் போடுவதும் எடுப்பதுமாகக் கத்திக்கொண்டே இருந்தாள். அங்கே மறைவு ஒன்றும் இல்லை. முகமூடி வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கத்தினாள்.

எனவே என் தீர்ப்பு அமெரிக்கா 2க்கு. முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கும் ஆளாக இருந்தால், தனியாக, இரவில், பின்னோக்கி ஓட்டும் பட்டனைத் தொடாமல் ஜப்பான் 2ஐ எடுங்கள். அதற்குத்தான் அது செய்யப்பட்டது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மூன்றாவது பாகம் இரண்டையும்விடப் பெரியது என்பது எனக்கும் தெரியும், அது வேறு நாளைய கதை. இந்த 'போலி'யை 1992இல் ஜப்பானிலேயே 'சூப்பர் மாரியோ யுஎஸ்ஏ' என்று விற்றார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மரக்கறி பிடிக்காத தவளை அரசன் வார்ட்டின் வாய்க்குள் மரக்கறியாகவே எறிந்து முடித்தார்கள். கடைசியில், எந்த ஆளை வைத்து எத்தனை கட்டம் வென்றீர்கள் என்று ஒரு கணக்குக் காட்டும். இளவரசி 11, டோட் 7, லூயிஜி 2.

மாரியோ 0. அதற்குப் பிறகு திரை மாறி, மாரியோ கட்டிலில் படுத்து நித்திரை கொள்வதைக் காட்டியது. "பாருங்கோ மாமா," என்றான் மருமகன், "படுத்துத்தான் கிடந்திருக்கிறார்."