கேசடியா பெட்டி: டார்ட்டியாவுக்காக வாங்கலாம், பொட்டலங்களுக்காக வேண்டாம்

சென்னையின் பெரிய பல்பொருள் அங்காடிகளில், பாஸ்தா அடுக்கப்பட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டிக்குள் சீஸ் வைத்து மடித்துச் சுடும் மெக்சிகோ சிற்றுண்டியான கேசடியாவை வீட்டிலேயே செய்துகொள்வதற்கான பெட்டி கிடைக்கிறது. நான் வாங்கியதில் எட்டு அங்குல அகலமுள்ள மைதா டார்ட்டியாக்களும், ஒரு மசாலாப் பொட்டலமும், சால்சா என்ற தக்காளித் தொடுகறிப் பொட்டலம் ஒன்றும் இருந்தன. சீஸும் காய்கறியும் நாம்தான் சேர்க்க வேண்டும். கால் மணி நேரத்தில் சிற்றுண்டி தயாராகிவிடும் என்று உறையில் அச்சிட்டிருப்பது பொய்யில்லை. ஆனால், கொடுக்கும் காசுக்கு உள்ளே இருப்பவற்றில் தேறுவது டார்ட்டியா ஒன்றுதான்.

மைதா என்பதற்காக இதைப் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. மெக்சிகோவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் மக்காச்சோள டார்ட்டியா வழக்கம் என்றால், வடபகுதியில் கோதுமை மாவு டார்ட்டியாவுக்கே செல்வாக்கு. மக்காச்சோளத்திலேயே செய்து பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் போகக் கழுவி அரைக்கிறார்கள், அந்தப் பக்குவத்தால்தான் மாவு ஒன்றுசேர்ந்து, மடித்தாலும் கிழியாத டார்ட்டியாவாகிறது. நம் மளிகைக் கடைகளில் விற்கும் மக்காச்சோள மாவு அப்படிப் பக்குவப்படுத்தப்படாதது என்பதால் தேய்க்கும்போதே ஓரங்களில் விரிசல் விடும். கார்ன்ஃப்ளார் என்று கிடைப்பதோ வெறும் ஸ்டார்ச். மீந்துபோன சப்பாத்தியில் செய்யலாம். சூடு இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும், ஆறினால் கடிக்கக் கடிக்க இழுக்கும். இந்தப் பெட்டியின் டார்ட்டியா அப்படி இழுப்பதில்லை. உறையைப் பிரித்ததும் பதப்படுத்திகளின் மெல்லிய புளித்த வாடை வருகிறது. கல்லில் ஒருமுறை புரட்டி எடுத்தால் அது போய்விடுகிறது.

மசாலாப் பொட்டலத்தின் உட்பொருள் பட்டியலில் உப்பு இரண்டாவது இடத்தில் நிற்கிறது. பட்டியலை எடையின் இறங்குவரிசையில் எழுதுவார்கள் என்பதால், சீஸிலுள்ள உப்போடு இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சமைக்காமலே சொல்லிவிடலாம். வறுத்துப் பொடித்த சீரகம், மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு ஆகிய மூன்றும் இதைவிட மேல். சால்சா, தக்காளி சாஸின் இனிப்பிலிருந்து அதிகம் விலகவில்லை. நாட்டுத் தக்காளியை விதை நீக்கிப் பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்துமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசறிக்கொண்டால் அந்தப் பொட்டலத்தைத் தொடவே தோன்றாது.

கேசடியாவின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது சீஸ்; பெட்டியோ அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மெக்சிகோவில் வஹாக்கா சீஸ் போல நூல்நூலாக இழுபடும் வகைகளைப் போடுகிறார்கள். இங்கே அதற்கு மிக நெருங்கி வருவது மொசரெல்லா. மொசரெல்லாவில் இழுவை உண்டு, சுவை குறைவு. கட்டியாக விற்கும் பிராசஸ்டு சீஸில் சுவையும் உப்பும் உண்டு, இழுவை இல்லை. இரண்டு பங்கு மொசரெல்லாவுக்கு ஒரு பங்கு பிராசஸ்டு சீஸ் என்று துருவிக் கலப்பது எனக்குப் பிடித்த அளவு. பாலை எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்துச் செய்யும் பன்னீர் எவ்வளவு சூடுபடுத்தினாலும் உருகாது. அதை உள்ளீடாக வைத்துக்கொள்ளலாம், இரண்டு மடிப்புகளையும் ஒட்டவைக்க அது உதவாது. விலை மலிவாக இருக்கிறதே என்று எடுக்கும் துருவல் பைகளில் தாவர எண்ணெய் என்று அச்சிட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது; இருந்தால் அது முழுக்கப் பாலில் செய்த சீஸ் அல்ல.

நன்கு பழகிய தோசைக்கல் இதற்குப் போதும், தனியாகக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் தோசைக்கு வைக்கும் சூடு இதற்கு ஆகாது: தீ அதிகமானால் சீஸ் இளகுமுன் அடிப்பக்கம் கருகிவிடும். மிதமான தீக்கும் கீழே வைத்து, எண்ணெய் விடாமல், டார்ட்டியாவின் ஒரு பாதியில் மட்டும் சீஸ், உள்ளீடு, மறுபடியும் சீஸ் என்று பரப்பி, ஓரத்தில் விரலகலம் விட்டு மடித்து, தோசைத் திருப்பியால் லேசாக அழுத்த வேண்டும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் சீஸ் வழிந்து கல்லில் வலைபோல் படிந்து, பொன்னிறமாக முறுகி, விளிம்பு தானாகவே எழும்பும். அதைச் சுரண்டித் தின்பவருக்கே இந்தச் சமையலின் சிறந்த பங்கு கிடைக்கிறது. இறக்கியதும் வெட்டினால் சீஸ் ஓடிவிடும் என்பதால் ஒரு நிமிடம் பொறுப்பது நல்லது.

உள்ளீட்டில் ஈரம் இருக்கக்கூடாது என்பது ஒன்றே விதி. முதல்நாள் உருளைக்கிழங்குப் பொரியல், மசித்த கொண்டைக்கடலைச் சுண்டல், வதக்கிய குடைமிளகாய் எல்லாம் பொருந்துகின்றன. காளானை நீர் வற்றும்வரை வதக்காமல் போட்டால் டார்ட்டியா ஊறிக் கிழியும்.

பள்ளிக்குக் கொடுத்தனுப்ப இது உகந்ததன்று, டப்பாவின் ஆவியில் முறுகல் போய்விடும். பிரித்த உறையைச் சென்னையின் புழுக்கத்தில் வெளியே வைத்தால் விரைவிலேயே பூஞ்சை பிடிக்கும், உறையிலோ மீண்டும் மூடிக்கொள்ளும் வசதி இல்லை. மீந்தவற்றைக் காற்றுப்புகாத பையில் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அதே அங்காடியில் டார்ட்டியா மட்டும் தனி உறையாக, பெட்டியைவிடக் குறைந்த விலையில், உறைநிலைப் பகுதியில் இருக்கிறது. அடுத்த முறை நான் எடுக்கப்போவது அதைத்தான்.