கைத்துப்பாக்கிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: என் 85,000 ரூபாய் போன கதை

எழுதும்போதே கை நடுங்குகிறது. இன்று காலை பதினொன்றரைக்கு அந்தத் துப்பாக்கிக் கடைக்காரர் போனில், "ஆச்சி, அட்வான்ஸ் திரும்பக் கிடையாது, பில்லுலயே போட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்னிடம் பில்லே கிடையாது. ஒரு துண்டுச் சீட்டுதான் இருக்கிறது. போனது 85,000 ரூபாய்.

எனக்கு லைசென்ஸ் வந்ததும் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர், "சின்ன ரிவால்வரில் எது நல்லது, புடவை கட்டுகிறவர்கள் வெளியே தெரியாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன் என்று நானும் சொன்னேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் இதைச் சொல்லியாக வேண்டும்.

காரைக்குடியில் நகை அடகுக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷமாகத் தனியாகத்தான் நடத்துகிறேன். வீடு புதுவயல் பக்கம். இரண்டு கட்டு வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். போன வருஷம் கடையைச் சாத்திவிட்டு வரும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் பையைப் பிடித்து இழுத்தார்கள். பை தப்பியது, தோள்பட்டை இறங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் லைசென்ஸுக்கு மனுப் போட்டேன். சிவகங்கை கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிக்கான சான்று என்று நாய் படாத பாடு பட்டு வாங்கிய லைசென்ஸ் அது. ஆயுதம் வாங்குவதற்கு அதிலேயே கெடு போட்டிருப்பார்கள். அந்தக் கெடுவை வைத்துத்தான் என்னை மடக்கினார்கள்.

எனக்கு வேண்டியது எது என்பதில் குழப்பமே இல்லை. நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது .32 ரகம் (குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்). .38, 9 எம்எம் எல்லாம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அந்த .32-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் 2014-இல் கொண்டுவந்த நிர்பீக் என்ற ரிவால்வர் 500 கிராம்தான், ஆறு தோட்டா. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு பெண்களை மனதில் வைத்துச் செய்தது. வந்தபோதே விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். ஆண்களுக்கு இடுப்பில் பெல்ட் இருக்கிறது. பாவாடை நாடாவில் அரைக் கிலோவைச் செருகிக்கொண்டு ஒரு பெண் நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமா? கைப்பையில் தனி அறையில், உறைக்குள்தான் வைக்க வேண்டும். எடை கூடினால் பை ஒரு பக்கம் தொங்கும், பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் எடையில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று இருந்தேன்.

கடை வெளியூரில், பெரிய ஊர் ஒன்றில். பெயர் போடவில்லை. பழைய கடை, கண்ணாடி அலமாரியில் இரட்டைக் குழல் துப்பாக்கிகள் வரிசையாக நிற்கும். தம்பியை அழைத்துக்கொண்டு போனேன். நெற்றி நிறைய விபூதியோடு பெரியவர் ஒருவர் இருந்தார். "ஆச்சி எந்த ஊரு? எங்க ஐயா காலத்துலேர்ந்து செட்டிநாட்டு வீடுகளுக்கு நாங்கதான்" என்றார். வருஷா வருஷம் பிள்ளையார்பட்டிக்கு வருவாராம். மோர் வரவழைத்தார்.

அப்புறம் உள்ளேயிருந்து ஒரு பெட்டி வந்தது. அச்சு அசல் நகைப்பெட்டி, அரக்கு நிறம். திறந்து, ரிவால்வரின் குழலைக் கீழே மடித்து, சிலிண்டரில் தோட்டா இல்லை என்று ஆறு ஓட்டையையும் எனக்குக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார். நான் கையில் வைத்தே பவுன் சொல்கிறவள். 500 கிராம் என்றால் 62.5 பவுன். கை சரி என்றது. என் பையில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், வைத்தேன். எடுக்கும்போது துப்பாக்கியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல் பையின் உள்துணி நூலில் மாட்டிக்கொண்டது. அதைப் பார்த்ததும் பெரியவர் டேப்பை எடுத்து என் பையின் உள் அறையை நீளம், அகலம், ஆழம் மூன்றும் அளந்து நோட்டில் எழுதினார். "ட்ரிகரும் சுத்தியலும் மூடுற மாதிரி தோல் உறை தனியா தைச்சுத் தர்றோம். எங்க வீட்டுப் பொண்ணுக்குச் செய்யுற மாதிரி" என்றார்.

நான் நம்பியது அந்த இடத்தில்தான். ஏமாற்றப் போகிறவன் எதற்குப் பையை அளக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

காட்டிய துப்பாக்கி இன்னொருவருக்குப் பதிவாகிவிட்டதாம். எனக்கு 40 நாளில் வருமாம். துப்பாக்கிக்கு 82,000, உறைக்கு 3,000, ஆக 85,000 ரூபாய் முன்பணம். "கெடு வேற நெருங்குதே ஆச்சி" என்று அவரே ஞாபகப்படுத்தினார். தம்பி, "செக்காக் கொடுங்க ஆச்சி" என்று காதில் சொன்னான். ரொக்கமாகக் கொடுத்தால் வரிசையில் முன்னால் வரும் என்றார்கள். கொண்டுபோன ரொக்கத்தை எண்ணிக் கொடுத்தேன். கொட்டேஷன் தாளின் ஓரத்தில் பேனாவால் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். ஊர் முழுக்க அடகுச் சீட்டு எழுதிக் கொடுக்கிற நான் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். இந்த ஒன்றை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நாற்பதாவது நாள் போன் போட்டேன். "லாரி கிளம்பிருச்சு." அடுத்த வாரம், "வழியில பெர்மிட் பார்க்கறாங்க." அதற்கடுத்து, "பெரியவர் காசி போயிருக்கார்." பிறகு ஒரு பையன் போனை எடுத்து, "எந்த ஆச்சி?" என்றான். என் பையை அளந்த கடையில் எந்த ஆச்சி என்று கேட்கிறான்! ஒவ்வொரு தடவையும் திங்கட்கிழமை பேசுங்கள் என்பார்கள். எட்டுத் திங்கட்கிழமை போனது.

நேரில் போனேன். பெரியவர் இருந்தார், மோர் வரவில்லை. வேறொரு ரிவால்வரை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். யாரோ வைத்திருந்து விற்ற பழசு. கையில் எடுத்ததும் தெரிந்தது, எண்பது பவுனுக்குக் குறையாது. சிலிண்டரைப் பிடித்து அசைத்தால் கடகடவென்று ஆடியது. மடித்ததைத் திரும்ப மூடினால் மேல் கொக்கி முழுசாக விழவில்லை, கட்டைவிரலால் அழுத்திவிட வேண்டியிருந்தது. ட்ரிகரை இழுத்துப் பார்க்கச் சொன்னார்கள், என் ஒற்றை விரலுக்கு வரவே இல்லை. உறை என்று கொடுத்தது பெல்ட்டில் கோக்கிற காக்கி உறை. "இதை எடுத்துக்குங்க, கெடு முடியப் போகுது, இல்லன்னா லைசென்ஸும் போயிரும்" என்றார். வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். அட்வான்ஸைச் சரக்கில்தான் கழிப்போம் என்றார். அதே 85,000 ரூபாய்.

போலீஸில் "சிவில் மேட்டர்மா" என்றார்கள். விற்பனை நடந்திருந்தால் என் லைசென்ஸிலும் அவர்கள் பதிவேட்டிலும் ஏறியிருக்கும். அட்வான்ஸுக்கு அப்படி எந்தப் பதிவும் இல்லை. இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு, தம்பி சாட்சி, நான் போன் செய்த கணக்கு. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். துப்பாக்கிக் கடைக்கும் அரசாங்க லைசென்ஸ் உண்டு. அதைக் கொடுத்த அதிகாரிக்கும் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன்.

துப்பாக்கி எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத இப்போது மனசில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் என்றால் ஜிஎஸ்டி எண்ணோடு அச்சடித்த ரசீது, அதில் மாடல் பெயர், வராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற வரி, இவை இல்லாமல் எழுந்து வந்துவிடுங்கள். காட்டிய துப்பாக்கியின் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். பழசு என்றால் சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள், கொக்கி விழுகிறதா பாருங்கள். எடை குறைந்தால் சுடும்போது உதைப்பு கூடும் என்பதையும் மறக்காதீர்கள். ட்ரிகரை மூடாத உறை வேண்டவே வேண்டாம், சாவிக்கொத்தோடு சேர்த்துப் பையில் போடவும் கூடாது. கெடுவைச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் கலெக்டர் ஆபீஸில் நீட்டிப்பு மனு வாங்குகிறார்கள், பயப்பட வேண்டாம். இதை எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் சிவகங்கை போகிறேன், அந்த நீட்டிப்பு மனுவோடு. மாமியார் துண்டுச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துவிட்டாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். எடுத்துவிட்டேன், நான்கு பிரதி.